கடைக்கு ‘பொஸ்’ வாங்குமுன் சாமான் இறக்கும் பக்கத்தைப் பாருங்கள்

நான் கணக்கு எழுதிக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன். கணினி விற்பவன் அல்லன். எனினும் கடந்த சில வருடங்களாக எமது சில்லறை வியாபாரிகள் என்னிடம் வரியைப் பற்றிக் கேட்பதை விட ‘பொஸ்’ பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். “பக்கத்துக் கடையில் போட்டுவிட்டார்கள், நாமும் போட வேண்டும், எது நல்லது?” என்பதே பெரும்பாலானோரின் கேள்வி. இவ்வாரம் அதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். எந்தக் கம்பனியின் பெயரையும் சிபாரிசு செய்யப் போவதில்லை. ஒரே மென்பொருள் ஒரு கடையில் அருமையாக ஓடுவதையும் இன்னொரு கடையில் மூன்று மாதத்தில் மூடி வைக்கப்படுவதையும் நான் கண்டிருக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வங்கிகள் தருகின்ற, கடனட்டையை வைத்துக் காசு எடுக்கும் சிறு பெட்டியையும் நமது ஆட்கள் ‘பொஸ் மெஷின்’ என்கிறார்கள். பார்கோட் அடித்து, பில் போட்டு, கையிருப்பைக் கழிக்கும் கணினி முறையையும் ‘பொஸ்’ என்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. வங்கியின் பெட்டிக்கு உங்கள் கடையில் எத்தனை பருப்புப் பக்கெட் இருக்கிறது என்பது தெரியாது. மேசையில் ஒட்டி வைக்கும் லங்கா கியூஆர் குறியீடும் அப்படித்தான், அது காசு வரும் ஒரு வழி மட்டுமே. நாம் இங்கே பேசுவது இரண்டாவது வகையைப் பற்றி. நாளொன்றுக்கு முப்பது நாற்பது பில்லுக்கு மேல் போகாத, நூற்றைம்பது வகைச் சாமானுக்கு மேல் இல்லாத கடைக்கு அது அவசரத் தேவையல்ல என்பது என் அபிப்பிராயம். ஒரு நல்ல கொப்பியும் ஒழுங்கான கையெழுத்தும் போதும். ஆனால் ‘மினி சுப்பர்’ என்று பலகை போட்டு, ஆயிரம் இரண்டாயிரம் வகைச் சாமான் வைத்து, இரண்டு மூன்று பிள்ளைகளைச் சம்பளத்துக்கு வைத்திருப்பவர் கணினி இல்லாமல் வியாபாரம் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு லொறி ஓட்டுவது போன்றது.

லாச்சியில் ஓட்டையா, பின்கதவில் ஓட்டையா?

காசுப் பதிவு இயந்திரத்தை உலகுக்குத் தந்தவர் ஜேம்ஸ் ரிட்டி என்ற அமெரிக்கர். டேட்டன் நகரில் மதுச்சாலை நடத்தியவர். தன் ஊழியர்கள் காசைத் தம் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார்கள் என்பதால் 1879ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை எடுத்தார். தன் இயந்திரத்துக்கு அவர் ‘இலஞ்சம் வாங்காத காசாளர்’ என்ற பொருளில்தான் பெயரும் வைத்தார். நமது முதலாளிமார் பலரும் இன்றுவரை அதே எண்ணத்தில்தான் ‘பொஸ்’ வாங்குகிறார்கள். காசு குறைகிறது, எனவே காசு மேசையில் இருப்பவனைக் கண்காணிக்க வேண்டும் என்பது அவர்கள் நினைப்பு.

காசு மேசையில் களவு நடக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் கணக்குப் பார்த்த கடைகளில் பெரிய ஓட்டை பெரும்பாலும் லாச்சியில் இருக்கவில்லை, சாமான் இறங்கும் பின்கதவில்தான் இருந்தது.

கண்டி மாவட்டத்தில் ஒரு கடை. மாதம் சுமார் 12 இலட்சம் ரூபா விற்பனை. முதலாளி தன் சகோதரியின் மகனைக் காசு மேசையில் இருத்தியிருந்தார். இலாபம் வர வேண்டிய அளவுக்கு வரவில்லை. மாதம் 60,000 ரூபாவுக்குக் கிட்ட எங்கோ போய்க்கொண்டிருந்தது. மருமகன் மீது சந்தேகம் விழுந்தது. நேரடியாக எதுவும் கேட்கப்படவில்லை. ஆனால் இப்படிப்பட்ட சந்தேகம் கடைக்குள் நிற்காது, வீட்டுக்கும் போகும். பெருநாளைக்கு அந்த இரண்டு குடும்பங்களும் ஒன்றாகச் சாப்பிடவில்லை. பிறகு முதலாளி நல்ல விலைக்கு ஒரு ‘பொஸ்’ வாங்கினார். மேலே கமராவும் பூட்டினார். ஆறு மாதம் கழித்து என்னிடம் வந்து, “நானா, பில் எல்லாம் சரியாத்தான் வருது. காசுதான் இல்ல” என்றார்.

கணினியைத் திறந்து பார்த்தேன். விற்பனை ஒவ்வொரு சாமானாகப் பதிவாகியிருந்தது. கொள்வனவோ ஒவ்வொரு பில்லின் மொத்தத் தொகையாக மட்டும் பதிவாகியிருந்தது. “சாமான் சாமானாக அடிக்க நேரமில்லை” என்றார்கள். அதாவது வெளியே போவதை எண்ணுகிறார்கள், உள்ளே வருவதை எண்ணுவதில்லை. ஒரு மாதம் முழுவதும் ஒவ்வொரு கம்பனி பில்லையும் வரி வரியாகப் பதிய வைத்தோம். மாதக் கடைசியில் றாக்கையில் இருந்ததையும் எண்ணினோம். பில்லில் எழுதப்பட்ட, ஆனால் பெட்டியோடு இறங்காத இலவசச் சாமான் 18,000 ரூபாவுக்குக் கிட்ட இருந்தது. திகதி முடிந்ததென்று கம்பனி ரெப்மார் எடுத்துக்கொண்டு போய், அடுத்த பில்லில் கழிக்காமல் விட்டது 14,000 அளவில். வீட்டுக்கென்று எழுதாமல் எடுத்துச் சென்றது 11,000. சீனி, பருப்பு நிறுத்துப் பொதி செய்ததில் கூடுதலாகப் போனது 9,000. மிச்சம் 8,000 ரூபாவுக்கு இன்றுவரை காரணம் தெரியாது.

சீனிக் கணக்கை மட்டும் சற்று விளக்குகிறேன், ஏனெனில் இதை யாரும் நம்ப மறுக்கிறார்கள். 50 கிலோ மூடையை 500 கிராம் பொதிகளாகப் பிரித்தால் நூறு பொதி வரவேண்டும். தராசைப் பார்க்காமல் ஒவ்வொரு பொதியிலும் 10 கிராம் கூடப் போட்டால் நூறு பொதிக்கும் ஒரு கிலோ சீனி போய்விடுகிறது. அது இரண்டு வீதம். சீனியில் சில்லறைக்காரனுக்குக் கிடைக்கும் இலாபமே மிகச் சொற்பம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கணக்கு முடிந்தபோது அந்த மருமகன் கடையில் இல்லை. அதற்கு இரண்டு மாதம் முன்னரே கட்டாருக்குப் போய்விட்டார். முதலாளி அந்தத் தாள்களை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தங்கச்சியின் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டார்.

விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும்?

‘பொஸ்’ விற்பவர் வந்தால் அவர் காட்டுவது எப்போதும் விற்பனைத் திரையைத்தான். பார்கோடை அடிப்பார், ‘பீப்’ என்று சத்தம் வரும், பெயரும் விலையும் தோன்றும், பில் வரும், லாச்சி தானாகத் திறக்கும். பார்க்க அழகாக இருக்கும். சந்தையிலுள்ள எல்லா மென்பொருளும் இதைச் செய்யும். கைத்தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் செயலிகளும் செய்யும். இதை வைத்துத் தெரிவு செய்யாதீர்கள்.

அவர் வரும்போது உங்கள் கடையின் உண்மையான கொள்வனவுப் பில்களில் மிகவும் சிக்கலான மூன்றை எடுத்து மேசையில் வையுங்கள். பிஸ்கட் கம்பனி பில் ஒன்று, சவர்க்காரக் கம்பனி பில் ஒன்று, மொத்தக் கடையில் கையால் எழுதித் தந்த பில் ஒன்று. “தம்பி, இதை என் கண் முன்னால் பதிந்து காட்டுங்கள்” என்று சொல்லுங்கள். எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைக் கடிகாரத்தில் பாருங்கள்.

அதில் கவனிக்க வேண்டிய விடயங்கள் சில உண்டு. 12 வாங்கினால் 1 இலவசம் என்றால், அந்தப் பதின்மூன்றாவது துண்டை மென்பொருள் எப்படி எடுத்துக்கொள்கிறது? ஒன்றின் பில் விலை 100 ரூபா என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கட்டுவது 1,200. கைக்கு வருவது 13. அப்படியானால் ஒன்றின் உண்மையான அடக்க விலை 92 ரூபா 31 சதம். 110 ரூபாவுக்கு விற்றால் இலாபம் 10 ரூபா அல்ல, 17 ரூபா 69 சதம். இதைக் கணக்கிடத் தெரியாத மென்பொருள் இரண்டில் ஒரு பிழையைச் செய்யும். ஒன்று, இலவசத்தைச் சேர்க்காமல் விட்டுக் கையிருப்பைக் குறைத்துக் காட்டும். பிறகு றாக்கையில் சாமான் இருக்கும்போதே கணினியில் அது சைபருக்குக் கீழே போகும். அல்லது அந்த ஒன்றை மட்டும் விலையே இல்லாத சாமானாக வைத்து, அது விற்கும் நாளில் பொய்யான இலாபத்தைக் காட்டும்.

அதேபோல் ஒவ்வொரு வரிக்கும் தனிக் கழிவு, பில் முழுவதற்கும் இன்னொரு கழிவு, காசுக்கு எடுத்தால் மேலும் ஒரு கழிவு என்று வரும் பில்லை அது தாங்குமா? பெட்டியாக வாங்கி, பக்கெட்டாக விற்பதை அது அறியுமா? திகதி முடிந்த சாமானை ரெப்பிடம் கொடுக்கும்போது அதற்கொரு சீட்டு அச்சடித்து, அவரிடம் கையொப்பம் வாங்கி, கம்பனி அந்தப் பணத்தைக் கழிக்கும் வரை ‘வரவேண்டியது’ என்று அது நினைவில் வைத்திருக்குமா? வீட்டுக்கு எடுப்பதைப் பதிய ஓர் இடம் உண்டா? இவற்றுக்கு “அடுத்த பதிப்பில் வரும்” என்று பதில் வந்தால், அந்த அடுத்த பதிப்பு வந்த பிறகு பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

ஒரே பார்கோட், இரண்டு விலை

நமது நாட்டுக் கடைகளில் உள்ள ஒரு பிரச்சினை இது. வெளிநாட்டு மென்பொருள்கள் பலவற்றில் ஒரு பார்கோடுக்கு ஒரு விலை என்றே இருக்கும். இங்கே பொதியிலேயே ஆகக்கூடிய சில்லறை விலை அச்சிடப்பட்டிருக்கிறது. கம்பனி விலையைக் கூட்டினால் புதிய பொதியில் புதிய விலை இருக்கும், பார்கோட் மாறாது. உங்கள் றாக்கையில் பழைய விலைச் சாமான் பத்தும் புதிய விலைச் சாமான் இருபதும் ஒன்றாக நிற்கும். 2022ஆம் ஆண்டு ரூபாவின் பெறுமதி சரிந்து விலைகள் வாரத்துக்கு வாரம் ஏறிய காலத்தில் இதனால் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். கணினியில் புதிய விலையைப் போட்டால் பழைய சாமானும் புதிய விலைக்குப் பில்லாகும். பொதியில் அச்சிட்ட விலையை விடக் கூடுதலாக விற்பது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி குற்றம். தனி வியாபாரி ஒருவருக்கும் அதற்குத் தண்டப்பணம் உண்டு. கம்பனியாகப் பதிந்திருந்தால் அதைவிடப் பல மடங்கு. “கம்பியூட்டர் போட்ட விலை” என்று நீதிமன்றத்தில் சொல்லித் தப்ப முடியாது. உங்கள் கணினி அச்சடித்த பில்லே உங்களுக்கு எதிரான சாட்சி.

எனவே ஒரே பார்கோடை அடித்தால் “பழைய விலையா, புதிய விலையா?” என்று கேட்டு இரண்டையும் திரையில் காட்டும் முறை வேண்டும். ஒவ்வொரு இறக்குமதித் தொகுதிக்கும் தனித்தனியே அடக்க விலை, விற்பனை விலை, முடிவுத் திகதி ஆகியவற்றை வைத்திருக்கும் முறை என்று இதைக் கேளுங்கள். இது இல்லாத மென்பொருளை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், பலசரக்குக் கடைக்கு எடுக்க வேண்டாம் என்பதே எனது திடமான கருத்து. முடிவுத் திகதி பதிவாகியிருந்தால் ‘இன்னும் முப்பது நாளில் முடியப் போகும் சாமான்’ என்ற பட்டியலையும் எடுக்கலாம். ரெப் அடுத்த முறை வரும்போது நீட்டுவதற்கு அதைவிட நல்ல தாள் இல்லை.

பார்கோட் பற்றி இன்னும் ஒரு விடயம். உலகில் முதன்முதலாகக் கடையொன்றில் பார்கோட் அடித்து விற்கப்பட்ட பொருள் ஒரு சூயிங்கம் பக்கெட். 1974 ஜூன் 26ஆம் திகதி, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில். இலங்கையில் பதிந்து பெறும் பார்கோட் இலக்கங்கள் 479 என்று தொடங்கும். ஆனால் எமது கடைகளில் பாதிச் சாமானுக்குப் பார்கோடே இல்லை. அரிசி, பருப்பு, கருவாடு, ஈத்தம்பழம், வீட்டில் பொதி செய்த தூள் வகைகள் எல்லாம் அப்படித்தான். இவற்றுக்கு ஸ்டிக்கர் அச்சடிக்கும் தராசு உண்டு. அது 2 என்று தொடங்கும் உள்கடைப் பார்கோடை அச்சடிக்கும், அதற்குள்ளேயே சாமானின் இலக்கமும் நிறையும் இருக்கும். அப்படிப்பட்ட தராசு வாங்கினால் உங்கள் மென்பொருள் அந்த இலக்கத்தைப் பிரித்து வாசிக்குமா என்று முன்கூட்டியே பரீட்சித்துப் பாருங்கள். தராசுக்கு அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரையும் வேண்டும். இலத்திரனியல் தராசு என்பதால் விலக்கு இல்லை. தராசு வாங்க வசதியில்லாதவர்கள் அதிகம் விற்கும் முப்பது நாற்பது சாமானுக்குச் சிறிய இலக்கங்களைக் கொடுத்து, ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளலாம். காசாளர் ஒரு வாரத்தில் மனப்பாடமாக்கிவிடுவார்.

கடன் கொப்பியும் காசோலைத் திகதியும்

சுப்பர் மார்க்கெட் சங்கிலிக் கடைகளால் செய்ய முடியாததும் நம்மால் முடிவதும் ஒன்றுதான், முகம் பார்த்துக் கடன் கொடுப்பது. சம்பள நாளில் தீர்க்கும் ஆசிரியர், மகன் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பியதும் தீர்க்கும் தாய், இப்படிப்பட்டவர்களால்தான் தெருக்கடை நிற்கிறது. ஆகவே வாடிக்கையாளர் கடன் கணக்கு இல்லாத ‘பொஸ்’ நமக்கு அரைகுறைதான். ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லை வைக்க முடிய வேண்டும். பகுதி பகுதியாகக் கட்டுவதைப் பதிய வேண்டும். பில்லின் அடியில் பழைய பாக்கியும் சேர்த்து அச்சிடப்பட வேண்டும். ஒரு விடயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். மற்றவர்கள் வரிசையில் நிற்கும்போது ஒருவரின் பாக்கித் தொகை வாடிக்கையாளர் பக்கத்துத் திரையில் பெரிதாகத் தெரிந்தால், அவர் மறுநாள் உங்கள் கடைக்கு வரமாட்டார். அதை மறைக்கும் வசதி உண்டா என்று கேளுங்கள்.

நாம் கொடுக்க வேண்டிய பக்கம் இன்னும் ஆபத்தானது. எமது வியாபாரத்தில் பெரும்பகுதி பின்திகதியிட்ட காசோலையில் ஓடுகிறது. எந்தக் கம்பனிக்கு, எந்தத் திகதிக்கு, எவ்வளவு என்பதைக் கலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொள்வனவைப் பதியும்போதே காசோலை இலக்கத்தையும் திகதியையும் போட்டால், ‘வரும் ஏழு நாளில் வங்கிக்குப் போகும் காசோலைகள்’ என்ற பட்டியலைத் தரும் மென்பொருள்கள் உண்டு. ஒரு காசோலை திரும்பினால் போவது வங்கிக் கட்டணம் மட்டுமல்ல, அந்த ரெப் அடுத்த வாரம் உங்கள் கடை வாசலில் லொறியை நிறுத்தமாட்டார். எனக்குக் கேட்டால், இந்த ஒரு பட்டியலுக்காகவே அந்த மென்பொருளுக்கு விலை கொடுக்கலாம்.

ஸகாத் கணக்குப் பார்ப்பவர்களுக்கும் இதில் ஒரு பயன் இருக்கிறது. வியாபாரச் சரக்கை அன்றைய சந்தை விலையில் பெறுமதி பார்க்க வேண்டும் என்பது பெரும்பாலான உலமாக்களின் கருத்து. அத்துடன் வரவேண்டிய கடனையும், கொடுக்க வேண்டிய கடனையும் பார்க்க வேண்டியிருக்கிறது. வரித் திணைக்களத்தின் வருடம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. உங்கள் ஸகாத் வருடமோ பிறைக் கணக்குப்படி ஒவ்வொரு ஆண்டும் முன்னுக்கு நகர்கிறது. ஆகவே நீங்கள் சொல்லும் எந்தத் திகதிக்கும் கையிருப்பு அறிக்கையை அடக்க விலையிலும் விற்பனை விலையிலும் தரக்கூடியதா என்று பாருங்கள். பல மென்பொருள்கள் ‘இன்றைய கையிருப்பு’ மட்டுமே தரும். சென்ற மாதம் 15ஆம் திகதி என்ன இருந்தது என்று கேட்டால் விழிக்கும். எதைச் சேர்ப்பது, எதைக் கழிப்பது என்பதை உங்கள் ஆலிமிடம் கேளுங்கள், அது என் துறையல்ல.

வரி வீதம் உங்கள் கையில் இருக்க வேண்டும்

பெறுமதி சேர் வரி 2019 டிசம்பரில் 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைந்தது. 2022 ஜூனில் 12 ஆனது. அதே ஆண்டு செப்டெம்பரில் மீண்டும் 15. 2024 ஜனவரி 1 முதல் 18. ஐந்து வருடத்துக்குள் நான்கு மாற்றம். ஒவ்வொரு முறையும் “கம்பனியிலிருந்து ஆள் வந்து மாற்ற வேண்டும், கட்டணம் உண்டு” என்று சொல்லும் மென்பொருளை வாங்கினால் உங்கள் கதி என்ன? வீதத்தையும் அது நடைமுறைக்கு வரும் திகதியையும் நீங்களே மாற்ற முடிய வேண்டும்.

“நாம் வற்றுக்குப் பதியவில்லையே” என்று பலர் நினைக்கலாம். பதிய வேண்டிய எல்லை 2020இல் வருடத்துக்கு 300 மில்லியன் ரூபா. 2022 ஒக்டோபரில் அது 80 மில்லியனானது, 2024 ஜனவரியில் 60 மில்லியன். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் இதை 36 மில்லியனாகக் குறைக்க முன்மொழியப்பட்டது. 36 மில்லியன் என்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் ரூபா விற்பனை. சந்தியில் இருக்கும் ஒரு மினி சுப்பருக்கு அது பெரிய தொகையல்ல. எல்லையைப் பார்ப்பது வரிக்குட்பட்ட விற்பனையை வைத்துத்தான் என்பதால், வரி விலக்குள்ள சாமான் எவை, வரிக்குட்பட்டவை எவை என்று ஆரம்பத்திலேயே பிரித்துப் பதிந்திருப்பவரால் மட்டுமே தான் எல்லைக்குள் இருப்பதை நிரூபிக்க முடியும். பதியாதவர் பில்லில் வரி என்று ஒரு சதமும் அறவிடக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். சில மென்பொருள்களில் வரி வரியானது தானாகவே அச்சிடப்பட்டு வருகிறது, அதை நிறுத்தச் சொல்லுங்கள். 2025 நவம்பர் 1 முதல் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்க முடியாது, அதன் விலை பில்லில் தெரிய வேண்டும். எனவே பையையும் ஒரு சாமானாகப் பதிய வேண்டும்.

இயந்திரங்கள்

இதில் அதிகம் யோசிக்கத் தேவையில்லை. யூஎஸ்பி ஸ்கேனர்களில் அநேகமானவை கணினியின் கண்ணுக்கு ஒரு விசைப்பலகை போலத்தான், எதுவும் எதனோடும் வேலை செய்யும். பிரின்டர் 80 மில்லிமீற்றர் அகலத் தாள் எடுப்பதாக இருந்தால் நல்லது. 58 மில்லிமீற்றரில் சாமானின் பெயர் பாதியில் வெட்டுப்படும். வெப்பத்தில் அச்சாகும் தாளின் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும் என்பதால், வரிக்காக வைத்திருக்க வேண்டிய பில்களின் பிரதி கணினியில் இருக்கட்டும். பில்லைத் தமிழிலோ சிங்களத்திலோ கொடுக்க விரும்பினால், கடையில் வைத்தே ஒன்றை அச்சடித்துப் பாருங்கள். சிறிய பிரின்டர்கள் பலவற்றில் நமது எழுத்துக்கள் உள்ளே இல்லை, மென்பொருள் அதைப் படமாக மாற்றி அனுப்பினால்தான் கொம்பும் சுழியும் ஒழுங்காக வரும்.

பாவித்த கணினியை ‘பொஸ்’ஸுடன் சேர்த்து மலிவாகத் தருகிறோம் என்பார்கள். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பித்தல்களை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய கணினிகள் விண்டோஸ் 11க்கான தகுதிப் பட்டியலில் இல்லை. நாலாம் தலைமுறை, ஆறாம் தலைமுறை இயந்திரங்கள் இப்போது மலிவாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

யூபிஎஸ் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டது, பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கின் வேலை என்றார்கள். மின்சாரம் போவதைவிட, பில் பதிவாகும் கணத்தில் போவதுதான் ஆபத்து. இணையத்தில் மட்டுமே இயங்கும் முறைகளும் உண்டு. முதலாளி வெளியூரில் இருந்தபடியே விற்பனையைப் பார்க்கலாம் என்பது அதன் வசதி. ஆனால் இணையம் அறுந்தால் பில் போட முடியுமா, திரும்பி வந்ததும் தானாகச் சேர்த்துக்கொள்ளுமா என்பதை, விற்பவரின் முன்னால் வயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். சொல்லைக் கேட்டு நம்ப வேண்டாம்.

கணக்கு யாருடையது?

மாதக் கட்டண முறையில் எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். கட்டணம் ஒரு மாதம் தவறினால் என்ன நடக்கும்? பில் போடுவது மட்டும் நிற்குமா, பழைய கணக்கைப் பார்ப்பதும் நிற்குமா? சாமான் பட்டியல், கடன் பட்டியல், கொள்வனவு எல்லாவற்றையும் எக்செல் கோப்பாக நீங்களே, யாரையும் கேட்காமல், எந்த நாளும் வெளியே எடுக்க முடியுமா? முடியாதென்றால் அந்தக் கணக்கு உங்களுடையதல்ல. 2022க்குப் பிறகு மென்பொருள் தெரிந்த இளைஞர்கள் பெருந்தொகையாக நாட்டை விட்டுப் போனார்கள். ஒரே ஆள் எழுதி, ஒரே ஆள் திருத்திவந்த மென்பொருள்களை நம்பியிருந்த கடைகள் அனாதையாகின. விற்பவர் நல்லவர் என்பது மட்டும் போதாது, அவர் இல்லாவிட்டாலும் உங்கள் கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஊழியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் இரகசிய இலக்கமும் கொடுங்கள். தொழுகை நேரத்தில் ஒருவர் எழுந்துபோக இன்னொருவர் அமர்கிறார், பகலில் நான்கு ஐந்து கைகள் மாறுகின்றன. ஆள் மாறுவதற்கு ஐந்து விநாடிக்கு மேல் எடுத்தால் யாரும் மாற்றமாட்டார்கள், எல்லாம் ஒருவர் பெயரிலேயே பதிவாகும். பில்லை இரத்துச் செய்வது, விலையைக் குறைப்பது, விற்பனை இல்லாமல் லாச்சியைத் திறப்பது ஆகிய மூன்றும் யார், எப்போது என்ற பதிவுடன் இருக்கட்டும். இதை ஊழியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். காசு குறையும் நாளில் குற்றமற்ற பிள்ளையைக் காப்பாற்றுவதும் அந்தப் பதிவுதான்.

வாங்க முடிவெடுத்த பின் எல்லாச் சாமானையும் ஒரே இரவில் பதிய முயலாதீர்கள். அதிகம் விற்கும் முந்நூறு வகையை முதலில் எண்ணிப் பதிந்து தொடங்குங்கள். மிச்சத்தை றாக்கை றாக்கையாகச் சேர்க்கலாம். கடன் கொப்பியை ஒரு மாதம் வரை கணினியுடன் சேர்த்தே எழுதுங்கள். நோன்பு காலத்திலும் பெருநாளைக்கு முந்திய இரண்டு வாரத்திலும் ஆரம்பிக்க வேண்டாம்.

முற்பணம் கொடுக்குமுன் கடைசியாக ஒன்று. அதே மென்பொருளை இரண்டு வருடமாவது பாவிக்கும் மூன்று கடைகளின் விலாசத்தை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். அவரை அழைத்துக்கொண்டு போகாமல் தனியாகப் போங்கள். மாலை ஆறரை மணிக்கு, கூட்டம் நிற்கும் நேரத்தில் போய் ஓரமாக நின்று பாருங்கள். கூட்டம் குறைந்த பின் முதலாளியிடம் ஒரு கேள்வி கேளுங்கள். “கடைசியாக எப்போது சாமான் எண்ணிப் பார்த்தீர்கள், கணினி சொன்னதற்கும் றாக்கையில் இருந்ததற்கும் எவ்வளவு வித்தியாசம்?” அவர் ஒரு தொகையைச் சொன்னால், அது பெரிய தொகையாக இருந்தாலும், அந்த மென்பொருளை வாங்குவது பற்றி மேற்கொண்டு பேசலாம். “எண்ணிப் பார்க்கவில்லை” என்றால் அடுத்த விலாசத்துக்குப் போங்கள்.